மாரியம்மன் மண்டபத்துப் பிள்ளைகள்

மாரியம்மன் கோயில் தலைவர் வேலாயுதம் மாதா கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வலது கால் செருப்பு கழன்று தரையில் கிடந்தது. இடது கால் செருப்பு காலிலேயே இருந்தது. கழற்றுவதா, போட்டுக்கொண்டே உள்ளே போவதா என்று மனிதருக்குப் புரியவில்லை. லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. கையில் பிடித்திருந்த குடை அவரை விட்டு விலகி, வாசலில் இருந்த செவ்வந்திச் செடியை நனையாமல் காத்துக்கொண்டிருந்தது.

நான் மாதா கோயிலைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக இதைப் பார்த்தேன். கையில் பிளேன்டீ. இரண்டாவது கோப்பை.

"லூர்தம்மா, இங்க வந்து பாருங்க. யாரு வந்திருக்காங்கன்னு."

உபதேசியாரின் மனைவி லூர்தம்மா ரொட்டி சுடுவதை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். "யேசுவே, நம்ம தலைவரா? வழி தப்பி வந்துட்டாரா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. வேலாயுதம் அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, வளர்ந்து, பேரப்பிள்ளையும் எடுத்தவர். மாதா கோயில் படியை அன்றுவரை மிதித்ததில்லை. ஒலிபெருக்கிச் சத்தத்தில் உபதேசியாரோடு சின்னச் சண்டை உண்டு, மற்றபடி கோபதாபம் ஒன்றும் கிடையாது. அங்கே அவருக்கு வேலை இருந்ததில்லை, அவ்வளவுதான்.

அவர் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கட்டும். ஏன் வந்தார் என்று சொல்ல நான் சற்றுப் பின்னால் போக வேண்டும். போன வாரம் இப்படிப் பின்னால் போனவள் திரும்பி வராமலேயே கட்டுரையை முடித்துவிட்டேன் என்று பத்திரிகை ஆசிரியர் குறைப்பட்டுக்கொண்டார். இந்தத் தடவை கட்டாயம் திரும்பி வருவேன்.

மிஞ்சியது பை

எங்கள் பள்ளிக்கூடம் நுவரெலியாவிலிருந்து உடப்புசல்லாவை போகிற பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. நான் டவுனிலிருந்து காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புகிறவள். கணிதம் சொல்லிக்கொடுப்பவள். அதனால் என்னைக் கண்டால் பிள்ளைகளுக்குப் பாதி பயம், பாதி சிரிப்பு.

அந்த வருடம் மேல் டிவிசனில் ஒரு லயம் எரிந்துபோனது. நல்லவேளை, பட்டப்பகல். பெரியவர்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள். ஓர் உயிருக்கும் சேதமில்லை. ஆனால் லயத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே கூரைதானே. ஒரு மூலையில் வயரில் பிடித்த நெருப்பு மறுமூலையில் போய்த்தான் நின்றது.

பிள்ளைகள் பள்ளி விட்டுப் போய்ப் பார்த்தபோது உடுத்திருந்த சீருடையும் தோளில் இருந்த பையும்தான் அவர்களுக்கு மிச்சம். ஊரே இரக்கப்பட்டது. இங்கிருந்து, அங்கிருந்து, கொழும்பிலிருந்தெல்லாம் உதவி வந்தது. என்ன வந்தது என்கிறீர்கள்? பை. எரியாமல் தப்பிய ஒரே சாமான் எதுவோ, அதையே எல்லாரும் அனுப்பி வைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் பைக்குள் பை வைத்துக்கொண்டு வந்தது. உள்ளே வைக்கத்தான் ஒன்றும் இல்லை.

புது வீடு வரும் என்றார்கள். இடம் பார்த்து, அளந்து, நான்கு பக்கமும் குச்சி அடித்துவிட்டுப் போனார்கள். ரொம்ப நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்தக் குச்சிகளில் யாரோ போஞ்சிக் கொடி ஏற்றிவிட்டிருந்தார்கள். நல்ல காய்ப்பு.

அதுவரை எங்கே இருப்பது? அதிபரின் அறையில் கூட்டம் கூடியது. அதிபர், கோயில் தலைவர், உபதேசியார் அந்தோனி, தோட்டத்து நலன்புரி அதிகாரி, பஜாரில் பேக்கரி வைத்திருக்கும் சிங்கள முதலாளி. எல்லாரும் ஆண்கள். டீ கொண்டுபோய் வைத்ததுதான் என் பங்கு.

மாரியம்மன் கோயில் திருவிழா மண்டபம் என்று முடிவானது. நல்ல முடிவுதான். புதுத் தகரம், குழாய்த் தண்ணீர், கரண்ட் எல்லாம் இருந்தது. சேலைகளைக் கட்டி வீடு வீடாகப் பிரித்துக்கொண்டார்கள். மண்டபத்துக்குள் மீன் பொரிக்கக் கூடாது, பீடி பிடிக்கக் கூடாது, பக்திப்பாட்டைத் தவிர வேறு பாட்டு கூடாது என்று தலைவர் சட்டம் போட்டார். பல்பு மாட்டுவது கிழக்குப் பக்கமா மேற்குப் பக்கமா என்று தலைவரும் உபதேசியாரும் ஒரு மணி நேரம் வாதாடினார்கள்.

தேயிலை மணக்கும் வகுப்பு

உண்மையைச் சொல்ல வேண்டும், எங்கள் ஆட்கள் உதவி செய்வதில் சளைத்தவர்கள் இல்லை. பிள்ளைகள் வெறும் வயிற்றோடு படிக்கக் கூடாது என்று சொல்லி, பேக்கரி முதலாளி தினமும் காலை பஸ்ஸில் பணிஸ் ஏற்றி அனுப்பினார். நான் அந்தப் பஸ்ஸில்தான் போவேன். சூடான பணிஸ் மூட்டைக்குப் பக்கத்தில் பசியோடு உட்கார்ந்து போவது எவ்வளவு பெரிய தவம் என்பது எனக்குத்தான் தெரியும்.

சீருடைதான் பெரும்பாடாக இருந்தது. ஆளுக்கு ஒரு வெள்ளைச் சட்டை. எங்கள் மலையில் மழை பிடித்தால் ஒரு வாரத்துக்குத் துணி காயாது. அதற்கும் வழி பிறந்தது. தொழிற்சாலை மேல்மாடியில் பச்சைக் கொழுந்தை வாட்டுவதற்குச் சூடான காற்று ஓடுகிறதல்லவா, அங்கே ஒரு மூலையில் கயிறு கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். சாயங்காலம் துவைத்துக் கொடுத்தால் விடியும்போது மொறுமொறுவென்று காய்ந்திருக்கும்.

ஒரே ஒரு சங்கடம். மண்டபத்துப் பிள்ளைகள் வகுப்புக்குள் நுழைந்தாலே வாடிய கொழுந்தின் வாசம் கமகமவென்று வரும். ஒருநாள் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து பார்வைக்கு வந்த அதிகாரி மூக்கை உறிஞ்சி, "யாரு கிளாஸுக்குள்ள டீ போடுறது?" என்று என்னைக் கேட்டார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் எனக்கும் அடக்க முடியவில்லை.

கொய்யாப்பழம்

அந்த மண்டபத்துப் பிள்ளைகளில் ஒருத்தி சத்யா. பதினோராம் வகுப்பு, சாதாரணதரப் பரீட்சை எழுத வேண்டியவள். கணக்கில் புலி. வாய் அதைவிடப் பெரிய புலி. நான் கரும்பலகையில் ஒரு கணக்கை நீட்டி முழக்கிச் செய்துகொண்டிருக்கும்போதே, "டீச்சர், இதுக்கு இவ்வளவு தூரம் சுத்தணுமா?" என்பாள். அவள் சொல்கிற குறுக்குவழி சரியாகவும் இருக்கும். அதுதான் எரிச்சல்.

இந்தப் பெண் மாதத்தில் சில நாள் காணாமல் போக ஆரம்பித்தாள். திரும்பி வரும்போது எனக்குக் கொய்யாப்பழம் கொண்டுவருவாள். பையைத் திறந்தால் வகுப்பு முழுக்க வாசம்.

"எங்கடி போன?"

"இறம்பொடைக்கு டீச்சர். அத்த வீட்டுக்கு."

"எதுக்கு?"

"சும்மாதான்."

எங்கள் தோட்டம் நுவரெலியாவுக்கு இந்தப் பக்கம், இறம்பொடை அந்தப் பக்கம். இரண்டு பஸ் மாற வேண்டும். யாராவது சும்மா போவார்களா? பழத்தைச் சாப்பிட்டேன், பதிலை நம்பவில்லை. மண்டபத்திலிருந்து வருகிற மற்றப் பெரிய பெண்பிள்ளைகளும் இப்படித்தான் மாறி மாறி வராமல் இருந்தார்கள். கரட் தோட்டத்தில் வேலைக்கு அனுப்புகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கோபத்தோடு ஒருநாள் மண்டபத்துக்கே போனேன்.

சத்யாவின் அம்மா செல்லம்மா குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். நான் கத்தி முடித்த பிறகு ஈரக்கையைச் சேலையில் துடைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். அவ வீட்டுக்குத் தூரமானா நான் எங்கங்க வச்சுக்கிறது? நாங்க தல வச்சுப் படுக்கிற செவுத்துக்கு அங்கிட்டு ஆத்தா இருக்கா."

திரும்பிச் சுவரைப் பார்த்தேன். அந்தப் பக்கம் மாரியம்மன் சந்நிதி.

"யாரு போகச் சொன்னது? தலைவரா?"

"ஐயையோ, அவருக்கு என்னா தெரியும்? யாரும் சொல்லலிங்க. நாங்களாத்தான் போறோம். பெரிய பொம்பளைங்க நாங்க முன்ன வேலைக்குப் பேர் குடுத்த பழைய பெரட்டுக் கொட்டகையில சாக்க விரிச்சுப் படுத்துக்குவோம். கொமரிப் புள்ளைய அங்க விட முடியுமா? அதான் அத்த வீட்டுக்கு அனுப்புறேன்."

"சத்யாவ எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

செல்லம்மா சிரித்தார். "எத்தன பேரக் கூட்டிட்டுப் போவீங்க டீச்சர்?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "பரீட்சை நேரத்துலயும் அந்த நாளு வரும். எத்தன நாளைக்குத்தான் புள்ள அலையும்? கொழும்புல ஒரு வீட்டுல கேக்குறாங்க. கொழந்தையப் பாத்துக்கிற வேல. தனி ரூம் குடுப்பாங்களாம். கதவு இருக்காம் டீச்சர்."

தண்ணீர் வாளியோடு பின்னால் வந்த சத்யா வாளியை டங்கென்று வைத்தாள். "எனக்குக் கதவு வேணாம். நான் பரீட்சை எழுதணும்."

"எழுது. யாரு வேணாங்கிறா? ஒரு பேப்பர் தவறிச்சுன்னாலும் கொழும்புதான், சொல்லிட்டேன்."

அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். வாயாடி சத்யாவுக்குக் கண் கலங்கியதை நான் முதல்தடவையாக அன்றுதான் பார்த்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பல்பு எந்தப் பக்கம் என்று ஒரு மணி நேரம் பேசினார்களே, இது ஒருவருக்கும் தோன்றவில்லையே! கந்தப்பொல தாண்டுவதற்குள் சிரிப்பு கோபமாக மாறிவிட்டது. யாரைத் திட்டுவது? யாரும் யாரையும் விரட்டவில்லை. திட்டுவதற்கு ஆள் கிடைக்காத கோபம் பொல்லாதது, வீட்டில் சட்டிபானைதான் உருண்டது.

ரொட்டி புரையேறியது

மறுநாள் தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவியும் பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். சுற்றி வளைக்காமல் நேராகவே சொன்னேன்.

தலைவருக்கு ரொட்டி புரையேறியது. அவர் மனைவி தலையில் தட்டிக்கொண்டே ஒரு பிடி பிடித்தார். "மூணு பொம்பளப் புள்ள பெத்த மனுசன்! மீன் பொரிக்கக் கூடாது, பீடி குடிக்கக் கூடாதுன்னு அத்தன சட்டம் போட்டீங்களே, இது தோணலியா ஒங்களுக்கு?"

"நீ ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா?"

தலைவர் எழுந்தார். குடையை எடுத்தார். மழைக்குள் இறங்கிப் போய்விட்டார். காரியம் கெட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு கோயில் தலைவரிடம், அதுவும் மாதா கோயிலுக்குப் போகிற நான், கோயில் விஷயத்தை இப்படிப் போட்டு உடைத்திருக்கக் கூடாதோ என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை விசேஷ வகுப்பை முடித்துவிட்டு உபதேசியார் வீட்டுக்குப் போனேன். மாதா கோயிலை ஒட்டி ஒரு பெரிய அறை உண்டு. ஞாயிறு காலையில் மட்டும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அதாவது வேதபாடம், நடக்கும். மற்ற நாளெல்லாம் பூட்டு. அதைக் கேட்கத்தான் போனேன். ஆனால் வாய் வரவில்லை. மாரியம்மன் கோயில் பிள்ளைகளை மாதா கோயிலுக்குக் கூட்டிப்போக நான் கேட்டால், டீச்சர் மதம் மாற்றப் பார்க்கிறார் என்று தோட்டத்தில் பேச்சு கிளம்பிவிடும். பிறகு எந்தத் தாயும் பிள்ளையை அனுப்பமாட்டாள். இந்த யோசனையில்தான் இரண்டாவது பிளேன்டீயும் ஆறிக்கொண்டிருந்தது.

சொன்னபடி திரும்பி வந்துவிட்டேன். வாசலில் நம்முடைய தலைவர்.

சாவி

உபதேசியார் அந்தோனி வெளியே வந்தார். "என்னா தலைவரே, ஒத்தச் செருப்போட நிக்கிறீங்க?"

"இங்க செருப்பக் கழட்டணுமா உபதேசியாரே?"

"நாங்க கழட்டுவோம். விருந்தாளிக்கு அவுங்க இஷ்டம்."

தலைவர் இடது செருப்பையும் கழற்றினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒங்க புள்ளைங்க ஞாயித்துக்கெழம படிக்குமே, அந்த ரூம்..."

"ஆமா, ரூம்."

"மத்த நாளு பூட்டித்தானே கெடக்கு?"

"பூட்டித்தான் கெடக்கு."

"எங்க பொம்பளப் புள்ளைங்களுக்குப் பரீட்சை வருது. மண்டபத்துல ஒரே சத்தம். அதனால... சத்தம்னா, சத்தம் மட்டும் இல்ல..."

உபதேசியாருக்கு விஷயம் விளங்கிவிட்டது. முகத்திலேயே தெரிந்தது. ஆனால் எத்தனையோ வருடமாக ஒலிபெருக்கிச் சண்டை போட்ட எதிராளி தன் வாசலில் திக்கித் திணறுவதை அனுபவிக்காமல் விட அவருக்கு மனமில்லை. அடுப்படியிலிருந்து லூர்தம்மாதான் கத்தினார்.

"அந்த மனுசனப் போட்டு வதைக்காதீங்க! சாவிய எடுத்துக் குடுங்க!"

நானும் வெளியே வந்தேன். சந்தோஷத்தில், "அந்தந்தப் புள்ள அந்தந்த நாளுக்கு வந்து தங்கினாப் போதும் தலைவரே" என்றேன்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "அப்பிடி வேணாங்க டீச்சர். அந்த நாளுக்கு மட்டும் வந்தா, இன்னிக்கு எவ வர்றான்னு தோட்டமே பாத்துக்கிட்டு நிக்கும். பெரிய புள்ளைங்க எல்லாரும் எல்லா நாளும் இங்கயே இருக்கட்டும். பாயும் இங்க, படிப்பும் இங்க. யாரு எதுக்கு இருக்கான்னு யாருக்கும் தெரிய வேணாம்."

இது எனக்குத் தோன்றவில்லை. அந்த மழைக்குள் குடையோடு நடந்துபோன நாளிலிருந்து மனிதர் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்படியே கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது எனக்கு.

"ஒண்ணே ஒண்ணு உபதேசியாரே. புள்ளைங்கள ஒங்க சாமி கும்பிடச் சொல்லமாட்டீங்களே?"

"நாங்க கும்பிடுறப்ப காத மூடிக்கச் சொல்லுங்க தலைவரே."

அன்று சாயங்காலமே தலைவர் மண்டபத்தின் கிழக்குப் பக்கத்து பல்பைத் தானே கழற்றிக் கொண்டுவந்து மாதா கோயில் அறையில் மாட்டினார். எந்தப் பக்கம் என்று இந்தத் தடவை யாரும் வாதாடவில்லை.

பெரட்டுக்குப் பிந்திய தோட்டம்

அந்த அறை அதற்குப் பிறகு கலகலவென்று ஆகிவிட்டது. லூர்தம்மா வாசலுக்குக் குறுக்கே பாய் போட்டுக் காவல் படுத்தார். அவருடைய குறட்டையைத் தாண்டி ஒரு திருடனும் வரமுடியாது என்று சத்யா சொன்னாள். பிள்ளைகள் திரிகோண கணிதத்தோடு சேர்த்து செபமாலையையும் அரைகுறையாக மனப்பாடம் செய்துவிட்டார்கள். லூர்தம்மா பதிலுக்கு மாரியம்மன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு மிளகாய் அரைத்தார். கொய்யாப்பழம் வருவது நின்றுபோனது. அதில் மட்டும் எனக்கு நஷ்டம்.

பரீட்சை நெருங்கியதும் தலைவரும் உபதேசியாரும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். பரீட்சை முடியும்வரை இரண்டு கோயிலிலும் ஒலிபெருக்கி கிடையாது. தோட்டமே மெச்சியது.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை தன்னந்தனியாக நின்றார். பேர் கொடுக்க ஓர் ஆளும் வரவில்லை. அத்தனை பேரும் இத்தனை வருடமாக மாரியம்மன் பாட்டைக் கேட்டுத்தான் எழும்பிக்கொண்டிருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு கணக்கப்பிள்ளையே பிஸ்கட் டின்னைத் தட்டிக்கொண்டு லயம் லயமாகப் போனார். மாதா கோயில் பக்கம் வந்தால் மட்டும் டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பூனைபோல் நடப்பார்.

ரோட்டில் ஒரு தட்டு

பரீட்சை தொடங்கியது. நிலையம் வேறு ஊரில். பிள்ளைகள் ஏறிப்போக, பேக்கரிச் சாமான் கொண்டுபோகிற தன் பாண் வானைப் பேக்கரி முதலாளி தந்தார். தினமும் காலையில் பிள்ளைகள் முதலில் மாரியம்மன் கோயில் முன்னால் போய்த் தலைவர் கையால் திருநீறு பூசிக்கொண்டு, பிறகு வானில் ஏறுவார்கள்.

கணித வினாத்தாளுக்குரிய காலை. நான் முந்தின நாளே வந்து அவர்களோடு தங்கியிருந்தேன். குளித்து, தேயிலை மணக்கிற சீருடையைப் போட்டுக்கொண்டு எல்லாரும் தயார். ஆனால் யாரும் கோயிலுக்குக் கிளம்பவில்லை. சத்யா சுவரோரமாக நின்றாள். செல்லம்மா பயந்தபடியே, அந்த நாள் சரியாக அன்றைக்கு வந்திருந்தது.

"நீங்க போய்ட்டு வாங்கடி" என்றாள் சத்யா.

"நீ வரலன்னா நாங்களும் போகல" என்றாள் ஒருத்தி. மற்றவர்களும் அசையவில்லை. வான் வந்து ஹோர்ன் அடித்தது. மகளை வழியனுப்ப வந்த செல்லம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

பிள்ளைகளைக் காணாமல் தலைவரே தட்டோடு வந்துவிட்டார். வெறுங்காலோடு வந்தார், செருப்பு ஞாபகமே அவருக்கு இல்லை. வரிசையைப் பார்த்தார். சத்யா என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குவதையும் பார்த்தார். நீட்டிய கை அப்படியே நின்றது.

பிறகு தட்டை லூர்தம்மாவிடம் கொடுத்தார். "எனக்குக் கை நடுங்குதும்மா. நீங்களே எல்லாருக்கும் பூசிவிடுங்க. ஒருத்தி விடாம." எங்கேயோ பார்த்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார்: "கோயிலு அங்கிட்டு இருக்கு. இது ரோடுதானே."

லூர்தம்மா வாழ்நாளில் திருநீற்றுத் தட்டைத் தொட்டதில்லை. மாதா கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசும் சாம்பல் புதன் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அவருக்கு நெற்றியில் சாம்பல் என்றால் ஒரே ஒரு விதம்தான் தெரியும். கட்டைவிரலில் தொட்டு, முதல் பிள்ளையின் நெற்றியில் மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. அடுத்த பிள்ளைக்கும் அப்படியே. கடைசியாகச் சத்யா வந்து நின்று கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கும் பளிச்சென்று ஒரு திருநீற்றுச் சிலுவை.

முடித்த பிறகுதான் லூர்தம்மாவுக்குத் தான் செய்தது உறைத்தது. "ஐயோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். உபதேசியார் சிரிப்பை அடக்க முடியாமல் செவ்வந்திச் செடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லாரும் தலைவரைப் பார்த்தோம்.

தலைவர் வரிசையின் முதல் பிள்ளையிடம் போனார். ஒவ்வொரு நெற்றியாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"இருக்கட்டும்" என்றார். "கணக்குப் பரீட்சைதானே. கூட்டல் அடையாளம் நல்லதுதான்."

சத்யாதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். சிரித்த சிரிப்போடு எல்லாரும் பாண் வானில் ஏறினார்கள். வான் வளைவில் திரும்பி மறையும்வரை அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

செல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "டீச்சர், ஒங்க போன ஒருக்கா குடுங்க."

அந்தக் கொழும்பு வீட்டு நம்பர் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. போனைக் காதில் அழுத்தி வைத்துக்கொண்டு, தோட்டத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"அம்மா, நான் செல்லம்மா பேசுறேங்க. எம் மக வரமாட்டாங்க. இல்லீங்கம்மா, வீடு இன்னும் வரல. புள்ளைக்கு எடம் கெடச்சிருச்சு."